தகரத்தொண்டையும் மகராசியும்

ஒரே பலகையின் மேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருந்தன. ஒருத்தனுக்கு வாக்கப்பட்ட இரண்டு பெண்டாட்டிகள் மாதிரி, ஒட்டவும் ஒட்டாமல் விலகவும் முடியாமல். இரண்டும் பேசும். வீட்டுக்காரனுக்குக் கண் போய்விட்டதால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல இரண்டிலும் ஆளுக்கொரு குரலைப் போட்டுக் கொடுத்திருந்தான் அவன் பெண்டாட்டியின் தம்பி.

விண்டோஸ் இருந்ததில் ஒரு பெண் பேசினாள். பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவளைப் போல நிதானம், மரியாதை. பக்கத்து வீட்டுக்காரி வெளியில் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு யாரோ படித்த சொந்தக்காரி வந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். லினக்ஸ் இருந்ததில் பேசியது ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாது. தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ கத்துவது போலிருக்கும். முதலாவதற்கு மகராசி என்றும் இரண்டாவதற்குத் தகரத்தொண்டை என்றும் வீட்டுக்காரனின் பெண்டாட்டிதான் பேர் வைத்தாள்.

புருஷனுக்கு என்னவோ தகரத்தொண்டைதான் வேண்டுமாம். அது ஏன் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவனைக் கல் குவாரியில் வேட்டுக்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைக்கிற வேலை. ஒரு வேட்டு தப்பாக வெடித்து அவன் கண்ணைப் பறித்துக்கொண்டது. முகத்தில் நீலப் புள்ளிகளாக மருந்து இன்னும் தோலுக்கடியில் கிடக்கிறது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தான். அவள் எப்போதும் போல ஜல்லி மெஷினில் கூடை தூக்கிச் சம்பாதித்து வந்து சோறு போட்டாள். சோறு போடுவது அவளுக்குப் பெரிசில்லை. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை.

குவாரி வாசலில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் முதலாளி ஒரு நாள் அவளிடம், "உன் வீட்டுக்காரருக்கு எந்த லாரி எந்த ரோட்டுல போகும்னு அத்துப்படி. டிரைவருங்க போன் பண்றதைக் கேட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்த முடிஞ்சா ஆபீஸ்ல காலியா இருக்கிற நாற்காலி அவருக்குத்தான்" என்றார். அதற்குத்தான் இத்தனை பழக்கமும். தட்டச்சு வந்துவிட்டது. லாரிப் பட்டியலில் ஏத்துவதும் வந்துவிட்டது. நாளைக்கு ஆபீஸுக்குப் போய் ஏத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரும் விண்டோஸ். இவன் மட்டும் வேறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், வேலைக்குச் சேரும் முன்பே வம்புக்கு வந்தவன் என்று முதலாளி நினைத்துவிட்டால் என்ன செய்வது?

"மகராசியைக் கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றாள், டீயை அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டபடி.

"அவ வேணாம்."

"ஏன் வேணாம்? நல்லாத்தானே பேசுறா? நான் ஒரு நாளாச்சும் உங்ககிட்ட அப்படிப் பேசியிருப்பேனா?"

"அதான் வேணாம்கறேன். அப்படிப் பேசிக் கேட்டுப் பழக்கமில்லை."

"கேலி பண்ணாதீங்க. காரணத்தைச் சொல்லுங்க."

"பிடிக்கலை. சிலருக்குப் பூசணிக்காய் பிடிக்காது. காரணம் கேட்டா என்ன சொல்லுவான்?"

"குழகுழன்னு இருக்குன்னு சொல்லுவான்."

அவன் டீயைக் குடித்தான். பாறையில் கடப்பாரை போட்டாலும் ஒரு சில்லாவது பெயரும். இவனிடமிருந்து ஒரு சொல் பெயராது என்று எழுந்து போனாள்.

மத்தியான இடைவேளையில் தம்பியின் கடைக்கு நடந்தாள். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கடை. மூடி கழற்றிய பெட்டிகளுக்கு நடுவில், வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், நீதானே மாமா மண்டைக்குள்ள அந்தத் தகரத்தை ஏத்தி விட்டது? காசில்லாம கிடைக்குதுன்னு சொன்னியா?"

அவன் ஸ்க்ரூவை எடுத்துவிட்டுச் சிரித்தான். "நல்லாக் கேட்டே போ. அந்தப் பொம்பளை குரலை ராத்திரி பகலாத் தேடி எடுத்துப் போட்டவன் நான். மாமா ஒரே வாரத்துல, 'மாப்ளே, இவளை எங்கேருந்து கூட்டியாந்தியோ அங்கேயே விட்டுரு'ன்னுட்டார். எனக்குத்தான் மூஞ்சி தொங்கிப்போச்சு."

"அப்ப ஏன்டா?"

"எனக்கென்ன தெரியும்? இதெல்லாம் செருப்பு மாதிரிக்கா. அவனவன் காலுக்கு எது கடிக்கலையோ அது. கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கிறவர் ஒருத்தர் வருவார், ஆப்பிளைத் தவிர எதையும் தொட மாட்டார். அதுலதான் பொண்ணு முகம் பொண்ணு முகமாத் தெரியுதாம். டிரைவிங் ஸ்கூல்காரர் இருக்காரே, புதுசு எது போட்டுக் கொடுத்தாலும் பழைய மாதிரியே ஆக்கித் தாங்கறார். மூலையில இருந்த பட்டனை நடுவுல வச்சுட்டாங்களாம். கை பாட்டுக்கு மூலைக்குப் போயிட்டு வெறுங்கையாத் திரும்புதாம். அதுக்காக என்கிட்ட சண்டை போட்டார்னா பாத்துக்க."

"உனக்கு எது பிடிக்கும்?"

"எனக்கு ரிப்பேருக்கு வர்றதுதான் பிடிக்கும்."

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "சரிடா, அந்தத் தகரக் குரலையே விண்டோஸ்ல போட்டுட்டா ரெண்டு பேருக்கும் பிரச்சினை தீர்ந்துச்சே."

"போட்டுப் பாத்தாச்சுக்கா. ஆபீஸ்ல இருக்கிற மாதிரியே எல்லாச் சாமானையும் அதுல ஏத்தி வச்சிருக்கேன்ல, கொஞ்சம் கனம். மாமா ரெண்டு தட்டு தட்டிட்டு, 'இல்லை, இது யோசிக்குது'ன்னார். நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை."

"யோசிக்குதா? கம்ப்யூட்டர்னா யோசிக்கத்தானே செய்யும்."

"நானும் அதையேதான் சொன்னேன். மாமா எழுந்து போயிட்டார்."

ஜல்லி மெஷினுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டிருந்தது. யோசிக்குது. அவனும் தம்பியும் கேட்டது ஒரே கம்ப்யூட்டரை. ஒருத்தனுக்குத் தெரிந்தது இன்னொருத்தனுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: தம்பிக்குக் கண் இருக்கிறது.

சாயங்காலம் அவன் குளிக்கப் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். துண்டில் இன்னும் கல்தூசி வாசம் இருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாது. விசைகளில் கையை வைத்தாள். எந்தப் பட்டனை அழுத்தினால் பட்டியலில் அடுத்த வரிக்குப் போகும் என்று அவனே ஒரு நாள் சொல்லிக் கொடுத்திருந்தான்.

முதலில் தகரத்தொண்டை. அழுத்தினாள். விரல் எழும்புவதற்குள் அது வரியைக் கத்திவிட்டது. மறுபடி அழுத்தினாள், மறுபடி கத்தியது. காதுக்கு இனிமை இல்லை. சுத்தியலால் தட்டினால் ஆணி இறங்குகிற மாதிரி, தட்டியதும் இறங்கியது.

அடுத்து மகராசி. அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

சரியான பட்டன் இல்லையோ என்று விரல் தடவியது. அழுத்தியது பதியவில்லையோ. இன்னொரு தரம் அழுத்தலாமா, வேண்டாமா. அதற்குள் மகராசி நிதானமாக, மரியாதையாக வரியைப் படிக்க ஆரம்பித்தாள். பாதி மூச்சு நேரம்கூட இருக்காது. கண் திறந்திருந்தால் திரையில் வரி மாறுவது தெரியும். அந்தப் பாதி மூச்சு இருப்பதே தெரியாது. கண்ணைக் கட்டினால் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

சும்மாதான் என்று மறுபடி அழுத்தினாள். அழுத்தின கை அப்படியே நின்றது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிக்கொண்டன. எதற்குத் தோள் ஏறுகிறது என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. உடனே தெரிந்துவிட்டது.

அவன் கண் போன அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள். வேட்டு போடுகிற நேரத்தில் ஜல்லி மெஷினை நிறுத்திவிடுவார்கள். கூடையைத் தலையில் வைத்தபடி தோளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நிற்பார்கள். வேட்டெல்லாம் வரிசையாக வெடித்துப் போயின. கடைசி ஒன்று போகவில்லை. காத்திருந்தார்கள். திரி நனைந்திருக்கும் என்றான் ஒருத்தன். போகாத வேட்டைப் போய்ப் பார்க்கிறவன் எப்போதும் இவன்தான். மற்றவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பான். பாறை மேல் அவன் ஏறிப் போகிற காலடிச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. "ஒன்னுமில்லை, செத்துப்போச்சு" என்று அவன் கூவியது கேட்டது. அதற்கப்புறம்தான் அது வெடித்தது.

அந்த நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து எத்தனை தடவை ஒரு மனிதன் பட்டன் அழுத்துவான் என்று நினைத்துப் பார்த்தாள். அழுத்தின தடவையெல்லாம் பாறை மேல் ஏற வேண்டும்.

துண்டை அவிழ்த்து மடித்துக் கொடியில் போட்டபோது அவன் சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"யாரு கம்ப்யூட்டர்ல?"

"எலி."

"எலி பட்டியல் எல்லாம் படிக்குதா?"

"படிச்ச எலி" என்றாள். அவன் கொடியைத் தடவினான். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். முடிச்சு போட்ட கசங்கல் அதில் இருந்தது. அதன் மேல் அவன் கை கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் தம்பி தகரத்தொண்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அவள் புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். ஆபீஸ் ஒரே அறை. சுவரில் லாரிச் சாவிகள் தொங்கின. தரையில் டயர் தடம் போல ஈரச் செருப்புத் தடம். பில் போடுகிற அக்கா ஒருத்தி கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பி மேஜையில் இறக்கி இணைத்து வைத்த பெட்டியைப் பார்த்ததும் முதலாளி முகத்தைச் சுளித்தார். "இது எதுக்குய்யா? இங்கதான் கம்ப்யூட்டர் இருக்கே."

"இது லினக்ஸ், சார்" என்றான் தம்பி. "பட்டியல் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்க வந்து பாத்தாலும் வித்தியாசம் இருக்காது."

"வித்தியாசம் இல்லைன்னா எதுக்கு மாத்தணும்? எல்லாருக்கும் ஒன்னு, இவருக்கு மட்டும் தனியா ஒன்னா?" அவர் வேட்டுக்காரன் பக்கம் திரும்பினார். "என்னய்யா காரணம்? சொன்னா யோசிக்கலாம்."

"பழகிப்போச்சு" என்றான் வேட்டுக்காரன்.

"உங்க மச்சினன் ரெண்டையும் ஒன்னாத்தான் பழக்கினதாச் சொன்னாரே."

வேட்டுக்காரன் மேஜை விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டான். அவளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கப் பயப்படுகிறவன் என்று ஆபீஸில் ஒரு சொல் விழுந்தால், அது குவாரி முழுக்கப் போகும். பயந்தவன் என்று பேர் எடுத்துக்கொண்டு இந்த நாற்காலியில் அவன் உட்கார மாட்டான். எழுந்து வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

"நான்தாங்க வேணாம்னேன்" என்றாள்.

முதலாளி அவளைப் பார்த்தார். புருஷனும் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான்.

"அதுல ஒரு பொம்பளை பேசுறாங்க. கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவ இவர் காதுல பேசிக்கிட்டிருப்பா, நான் அங்க கூடை தூக்கணும். வீட்டுக்கு வந்து நான் ரெண்டு வார்த்தை பேசினா இவர் காதுல ஏறுமா? இந்தத் தகரம்னா எனக்குக் கவலை இல்லை."

பில் போடுகிற அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். "நியாயம்தானே சார்" என்றாள்.

"அட, அப்படி என்னதான் பேசுறா? போடுங்க பாப்போம்" என்றார் முதலாளி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தம்பி முன்பே போட்டு வைத்திருந்த குரலை ஓடவிட்டான். மகராசி, சரளைக்கல் ஏற்றிய லாரி ஒன்றின் நம்பரை, எழுத்து எழுத்தாக, அத்தனை கனிவோடு சொன்னாள். முதலாளி தாடையைத் தடவிக்கொண்டார்.

"வாஸ்தவம்தான். எங்க வீட்டுல கேட்டா எனக்கும் சோறு கிடைக்காது." பிறகு குரலை மாற்றினார். "சரி, புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள்ள நான் வரலை. ஆனா இங்க பாருங்க, பட்டியல்ல ஒரு தப்பு வந்தாலும் இந்தப் பெட்டி வெளிய போயிரும். போன் அடிக்குது, எடுய்யா."

வேட்டுக்காரன் தடவி நாற்காலியில் உட்கார்ந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். டிரைவர் எதிர்ப்பக்கத்தில் என்ன சொன்னானோ, இவன் விரல்கள் ஓட ஆரம்பித்தன. தகரத்தொண்டை விரலோடு விரலாகக் கத்தியது. மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, அத்தனை வேகம். அவள் அவனுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறவில்லை.

மாலையில் கூட்டிப்போக அவள் வந்தபோது ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்தார்கள். ஒரு லாரி தூசியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டியா?" என்றான்.

"ஆமா."

"ரெண்டையும் கேட்டியா?"

"கேட்டேன்."

கொஞ்சம் நடந்தான். "பொறாமைக்காரின்னு உனக்குப் பேர் வந்துருச்சு. பில் போடுற அக்கா நாள் பூரா சிரிச்சுது."

"சிரிச்சுட்டுப் போகட்டும். இல்லாத பேரா வந்துச்சு?"

அவன் முகத்தில் நீலப் புள்ளிகள் அசைந்தன. சிரிக்கிறான் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "சரி, நெஜத்தைச் சொல்லு. உனக்கு அதுல எது பிடிச்சுது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவசியம் ஒன்றுமில்லை.

"மகராசிதான்" என்றாள். "எவ்வளவு அழகாப் பேசுறா. தம்பிகிட்டச் சொல்லி அதை நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம். எனக்கு."