இரண்டாம் வெட்டு

அந்த ஜனவரியில் சிலி நாட்டுக் கொய்ஹுவேக்கோவில் புளூபெர்ரி பறிக்க ஆள் கிடைக்கவில்லை. செர்ரித் தோட்டக்காரர்கள் கூடுதல் கூலி சொல்லி எல்லோரையும் இழுத்துக்கொண்டார்கள். புளூபெர்ரித் தோட்டக்காரர் எலியூத்தேரியோ மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். பழம் செடியிலேயே அளவுக்கு மீறிக் கனியத் தொடங்கியதும் பறிக்கிற இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். செடி வரிசைக்கு மேலே காலை அகட்டி நின்று, இருபுறமும் கம்பிகளால் உலுக்கி, நாற்பது பெண்கள் ஒரு நாளில் பறிப்பதை அது மத்தியானத்துக்குள் உதிர்த்துத் தள்ளியது.

சாயங்காலம் அந்தப் பழம் கூட்டுறவுச் சங்கத்துக் கிட்டங்கிக்கு வந்தது. அங்கே தரம் பார்க்கிறவள் யாஸ்னா. எலியூத்தேரியோ அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவைச் சொல்லி அவர் அவளைக் கொமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். அவள் புருஷன் வடக்கே சுரங்க வேலைக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்ட பிறகு, நல்லது கெட்டதுக்கு வந்து நின்ற ஒரே மனிதர் அவர்தான்.

"மெஷின் பழம்னு முகத்தைச் சுளிக்காதீங்க கொமாத்ரே. அடியில வலை கட்டியிருக்கான். மெத்தையில விழுற மாதிரிதான் விழுது."

"மெத்தையோ கல்லோ, விழுந்தது விழுந்ததுதானே கொம்பாத்ரே? உறைய வைக்கிற கம்பெனிக்கே அனுப்பிடலாமே."

"அவன் குடுக்கிறது மெஷின் வாடகைக்கே காணாது. வெட்டிப் பாருங்க. கெட்டிருந்தா நானே தூக்கிட்டுப் போயிடறேன்."

யாஸ்னா நூறு பழத்தை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டினாள். இரண்டில்தான் உள்ளே பழுப்பு. ஆனால் அடிபட்ட பழம் அன்றைக்கே காட்டிக்கொடுக்காது என்பது இருவருக்குமே தெரியும். ஒரு ராத்திரி வைத்திருந்து வெட்டுவதுதான் முறை. அதற்கு நேரமில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் சான் விசென்டே துறைமுகத்தில் கன்டெய்னர் இருந்தாக வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

காலை ஆறரைக்கு லாரி கிளம்பிப் போனது. எட்டு மணிக்கு யாஸ்னா, தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு தட்டுப் பழத்தை வெட்ட உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. மனசு சமாதானமாகட்டும் என்றுதான் வெட்டினாள். நூற்றில் முப்பத்தேழு உள்ளே பழுப்பாகக் கன்றியிருந்தது.

லாரி இன்னும் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்காது. அதில் எலியூத்தேரியோவின் பெட்டிகள் கால்வாசிதான். மிச்சமெல்லாம் சங்கத்துச் சிறு விவசாயிகள் பதினொரு பேர் தங்கள் கையால் பறித்தது. போனில் சங்க மேலாளரின் எண்ணைத் தேடி எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்டெய்னர் குளிரில் பழம் தாங்கிவிடலாம் என்று நினைத்தாள். எலியூத்தேரியோவின் முகத்தையும் நினைத்தாள். பிறகு வெட்டிய பழத்தைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கத்தியைக் கழுவி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து ராட்டர்டாமிலிருந்து தகவல் வந்தது. பழம் குழைந்து சாறு ஒழுகியிருக்கிறது, பூசணம் பரவியிருக்கிறது. பெட்டிகள் கலந்து அடுக்கியிருந்ததால் யார் பழம் என்று பிரித்துப் பார்க்க அங்கே யாரும் மெனக்கெடவில்லை. மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள்.

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கப்பலைத் திட்டினார்கள். குளிர்சாதனம் நின்றிருக்கும் என்று எலியூத்தேரியோவும் சொன்னார். நூற்றுக்கு இரண்டு என்று யாஸ்னா எழுதிய தாள் கைக்குக் கை மாறியது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான நொல்ஃபா என்கிற விதவை எழுந்து, "வக்கீல் வெச்சிரலாம். என் பங்குக்கு ரெண்டு பசுவை வித்துத் தரேன்" என்றாள்.

யாஸ்னாவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"கப்பல் மேல தப்பில்லைங்க. மறுநாள் நான் இன்னொரு தடவை வெட்டினேன். முப்பத்தேழு."

நொல்ஃபா திரும்பினாள். "எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"அப்ப லாரி ரோட்டுலதானே இருந்துது?"

"ஆமா."

"போன் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

நொல்ஃபா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

வாசலில் எலியூத்தேரியோ காத்திருந்தார். "ரெண்டாவது தடவை உங்களை யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"யாரும் கேக்காமதானே இருந்தாங்க. கப்பல்காரன் தலையோட போயிருக்கும்."

"அந்தம்மா பசுவை விக்கிறேன்னாங்களே, காதுல விழலையா கொம்பாத்ரே?"

அவர் வண்டியில் ஏறினார்.

சங்கம் அவளை நீக்குவதற்கு முன் அவளே வேலையை விட்டாள். இப்போது இயந்திரப் பழம் ஒரு ராத்திரி இருந்து வெட்டுப்படாமல் எந்த லாரியிலும் ஏறுவதில்லை. எலியூத்தேரியோவின் பழம் முழுவதும் உறைய வைக்கிற கம்பெனிக்குத்தான் போகிறது.

வருஷக் கடைசியில் மகளுக்குக் கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. அவர் வரமாட்டார் என்றுதான் யாஸ்னா நினைத்திருந்தாள். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஞானத்தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பிள்ளையின் தோளில் கை வைத்து, பூசை முடியும்வரை அசையாமல் இருந்தார். வெளியே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். யாஸ்னாவின் முறை வந்தபோது, பக்கத்தில் நின்றவரிடம் மழையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார்.