கதவைப் பார்க்கும் நாற்காலி

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. அப்பா நாற்பத்தொரு வயதில் அதில் உட்கார்ந்தபடியே போனார். கையில் பாதி தேய்த்த லென்ஸ். சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது வருடம் கழித்து அண்ணனும் அதே நாற்காலியில், நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு. இருவர் முகங்களும் கதவையே பார்த்திருந்தன.

அதன்பின் நான் நின்றுகொண்டுதான் தேய்த்தேன். கடை மூடும்போது நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பேன். காலையில் வந்தால் அது கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

அண்ணனின் உடலைப் பரிசோதித்த மருத்துவமனையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இதயத் தசையில் வீக்கம். ரத்த உறவுகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

"தம்பி, அந்தக் கடுதாசி என்னாச்சு?" என்று அண்ணி விடாமல் கேட்பார். கடையின் முன்பக்கத்தை இப்போது அவர்தான் கவனிக்கிறார்.

"அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. எனக்குத் தும்மல்கூட இல்லையே அண்ணி."

"உங்கப்பாவுக்கு எந்தக் காய்ச்சலும் வரலியே?"

நான் நாற்காலியைப் பார்த்தேன். அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"அடப்பாவமே! மரத்தையும் இரும்பையும் போய் சந்தேகப்படுறீங்க. உங்க பொண்ணு தினமும் மைதானத்துல ஓடுறா. அவளையாவது கூட்டிட்டுப் போங்க."

"அவளை அதுல உட்கார விடமாட்டேன். அது போதும்."

மறுநாள் பதினொரு மணிக்கு அண்ணி டீ டம்ளரோடு பின்னறைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயோ, எந்திரிங்க அண்ணி!"

"கத்தாதீங்க, டீ ஆறுது."

அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். நான் துடைக்கும் துணியைப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்து நிற்பேன். பத்தொன்பதாம் நாள் வட்ட லென்ஸ் ஒன்றைத் தரையில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தார். அது உருண்டு கதவில் போய் முட்டியது.

"தரை சாய்வு, தம்பி. நாற்காலி தானா அந்தப் பக்கம் சுத்திக்குது. அவ்வளவுதான். உங்க அண்ணன் என்னைத் தேடித்தான் திரும்புறார்னு நானும் ரெண்டு மாசம் அழுதேன்."

எனக்கு நிம்மதி வரவில்லை. குளிர்தான் வந்தது. அது நாற்காலியில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? அன்று பிற்பகல் முழுவதும், போகும் இடமெல்லாம் அதை நானே சுமந்து நடப்பதாகத் தோன்றியது. அப்பாவின் மூக்கு எனக்கு இருந்தது. குட்டை விரல்கள் இருந்தன. வேறு என்ன கொடுத்துவிட்டுப் போனார்? பள்ளியிலிருந்து மகள் மூச்சிரைக்க ஓடிவந்து தண்ணீர் குடித்தாள். செம்பைப் பிடித்திருந்தவை அதே குட்டை விரல்கள்.

இழுப்பறையைத் திறந்தேன்.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. கருவியை நெஞ்சில் வைத்ததும் ஒரு சத்தம் கேட்டது. ஸ்ஷ்... ஸ்ஷ்... தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸ் தேயும் அதே சத்தம். இத்தனை வருடமாக எனக்குள் யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அண்ணனுக்குக் காய்ச்சலால வீக்கம் வந்தது உண்மைதான்," என்றார் டாக்டர். "ஆனா தசையே பிறவியிலேயே பலவீனம். அப்பா வழியா வந்தது. உங்களுக்கும் இருக்கு. மாத்திரை இருக்கு, தேவைப்பட்டா நெஞ்சுக்குள்ள ஒரு கருவி வைக்கலாம். நல்லவேளை, வந்தீங்க."

அடுத்து மகள் படுத்தாள். நெஞ்சில் தடவும் பசை சில்லென்று இருக்குமே என்று, கூட வந்திருந்த அண்ணி அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கிக் கொடுத்தார். கடவுள் எச்சரிக்கையைக் கடிதமாகவும் அனுப்புகிறார். படிக்காதவனுக்கு இப்படி ஒருவரையும் அனுப்புகிறார்.

மகளின் இதயத்தில் இதுவரை மாற்றம் எதுவும் இல்லை. அந்தப் பலவீனம் அவளுக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனை முடிவு வர ஒரு மாதம். அதுவரை ஓடக்கூடாது.

"நடக்கலாம்ல?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"நானும் கூட வர்றேன், பாப்பா. பெரியம்மாவை முந்தக்கூடாது," என்றார் அண்ணி.

கடைக்குத் திரும்பினோம். நாற்காலி கதவைப் பார்த்தபடி இருந்தது. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். என் பயம் அவளுக்கும் தொற்றியிருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

இயந்திரம் ஓடவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மகள் மெல்ல வந்து என் முதுகில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"ஓடுதுப்பா," என்றாள்.