என் அளவுக்கு ஒரு துடுப்பு

“எனக்குன்னு ஒரு துடுப்பு வேணும் சார். என் அளவுக்கு.”

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கடையில் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்தியிருப்பது தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா என் தலையை வாரிக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள். “குடுக்கிறத வாங்கிக்கோ. இது பெருசு, அது சிறுசுன்னு கேட்டு நிக்காத. உனக்கு மட்டும் ஆகுற மாதிரி ஒண்ணை எவனும் தரமாட்டான்.” அம்மா எதிரே உள்ள விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். முதலாளிகள் எல்லோரையும் தனக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம்.

எங்கள் கடை ஏரிக்கரையில் இருக்கிறது. நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறோம். நான் கவுண்டரில் நிற்பவள். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து அவரவர் உயரத்துக்குத் துடுப்பு எடுத்துக் கொடுப்பேன். திரும்பி வரும் பலகைகளைத் துடைத்து அடுக்குவேன். இயற்பியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். பலகை துடைக்க அது போதும் என்று முதலாளி நினைக்கிறார்.

பயிற்சி கொடுப்பவர்களில் ஓர் இடம் காலியானது. போன மாதம் அதற்கு என்னைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏரி நடுவில் இருக்கும் சிவப்பு மிதவை வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பாதியிலேயே என் வலது தோள் செத்துப்போனது. பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூத்த பயிற்சியாளர் வந்து கயிறு கட்டி, ஓடிப்போன கன்றுக்குட்டியைப் பிடித்து வருவதுபோல என்னை இழுத்து வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒல்லி ஆள். எல்லோருக்கும் அவர் கொக்கு. அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் இன்னும் முடிக்கவில்லை. முதலாளி இன்னொரு வாய்ப்பு தந்தார். கடைசி வாய்ப்பு. அது இன்று மத்தியானம்.

அன்றைக்கு நான் போட்டது வாடகைத் துடுப்பு. நீட்டிச் சுருக்கும் வகை என்று பெயர். சிலவற்றில் நீளத்தை நிறுத்தும் பூட்டு சிக்கிக்கொண்டிருக்கும், மற்றவற்றில் பிடிக்கவே பிடிக்காது. எனக்குக் கிடைத்தது ஏதோ ஒரு நெட்டையன் உயரத்தில் சிக்கிக்கொண்டது. குறை அந்தத் துடுப்பிலா, என் தோளிலா? ஒரு மாதமாக இந்தக் கேள்வி என்னைத் தின்கிறது. கேட்டால் ஆளுக்கொரு பதில். எனக்கே காலையில் ஒரு பதில், சாயங்காலம் ஒரு பதில்.

“அளவுக்கா? இதென்ன, சட்டை தைக்கிற கடையா?” என்றார் முதலாளி.

கொக்கு சிரித்தார். நான் நகரவில்லை. நான் நகராததுதான் முதலாளிக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

“சரி. அந்தக் கறுப்பை எடுத்துக்கோ” என்று சுவரில் மாட்டியிருந்த புதுத் துடுப்பைக் காட்டினார். “ஆனா மத்தியானம் அதோடதான் போற. திரும்பி வந்து துடுப்பு சரியில்ல, காத்து சரியில்லன்னு கதை விட்டா, நேரா கவுண்டர்ல போய் நில்லு. அப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது.”

சரி என்றேன். சுவரிலிருந்து இறக்கிய பிறகுதான் உறைத்தது. புதுத் துடுப்பு முழு நீளத்தில் வரும். கைப்பிடி தனியாகப் பையில் இருக்கும். ஆளின் உயரத்துக்குத் தண்டை அறுத்து, சூடான பசையில் கைப்பிடியை ஒட்ட வேண்டும். நீளமாக விட்டால் பிறகு குறைக்கலாம். குறைத்துவிட்டால் நீட்ட முடியாது. எவ்வளவு அறுப்பது என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரியாது! தினமும் வருகிறவர்களிடம் தூக்கத்தில்கூடச் சொல்வேன்: “கையை நேரா மேல தூக்குங்க. மணிக்கட்டை மடிங்க. மடியிற இடத்துல கைப்பிடி வரணும்.” யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி நின்றேன். மடிந்த இடத்தில் வெள்ளை டேப்பை ஒட்டினேன். சந்தேகம் வந்து மறுபடி நின்றேன். இரண்டு விரல் மேலே வந்தது. மூச்சை விட்டதும் கீழே இறங்கியது. என் உடம்பு எவ்வளவு என்று என் உடம்புக்கே முடிவில்லை.

பலகை பழுதுபார்க்கும் பசை அண்ணன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“தலைக்கு மேல ஒரு சாண் விடும்மா. அதான் கணக்கு.”

“யாரோட சாண் அண்ணா? உங்களோடதா, என்னோடதா?”

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். “சாண்னா சாண்தான்” என்று தன் கையாலேயே அளந்து சிவப்பு டேப் ஒட்டினார்.

“அது பத்தாது தங்கச்சி,” என்றார் கொக்கு. “நீளமா இருந்தாதான் தண்ணிய முன்னாடி எட்டிப் பிடிக்க முடியும்.”

“உங்களுக்கு எட்டும். உங்களுக்கு சீலிங் ஃபேனே எட்டும்.”

பசை அண்ணன் குலுங்கிச் சிரித்தார். கொக்கு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீல டேப்பை ஒட்டிவிட்டுப் போனார்.

தண்டு பம்பரம்போல வண்ண வண்ணமாக இருந்தது. நெம்புகோலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளமானது எட்டிப் பிடிக்கும். ஆனால் மேல் கை தோளுக்கு மேலே ஏறி, தோளைக் கொல்லும். குட்டையானது தோளை விட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொள்ளும். தோள், முதுகு இரண்டில் என்னிடம் எது முதலில் உடையும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

பூட்டு பிடிக்காத பழைய துடுப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வோர் அளவுக்கும் டேப் சுற்றி, படித்துறை ஓரமாகப் பலகையில் நின்று பார்த்தேன். நீல அளவு கம்பீரமாக இருந்தது. சிவப்பும் பரவாயில்லை. வெள்ளையில் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது, ஆனால் தோள் சத்தமில்லாமல் இருந்தது. மறுபடி சிவப்பு. மறுபடி வெள்ளை. கரையோரம் நாலு தள்ளு தள்ளும்போது எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. மிதவை வரை போனால்தான் தப்பு தெரியும். மிதவை வரை டேப் தாங்காது.

ஈரக் காலோடு உள்ளே வரும்போது போன் அடித்தது. அம்மா. விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் படித்துறை தெரியும்.

“என்னடி படித்துறையில மாத்தி மாத்தி நிக்கிற? என்ன கேட்ட அந்த ஆளுகிட்ட?”

“துடுப்பு.”

“அங்க இருக்கிறதெல்லாம் துடுப்பு இல்லாம உலக்கையா?”

“என் அளவுக்கு இல்லம்மா. புதுசு ஒண்ணு குடுத்திருக்கார், நான்தான் வெட்டணும்.”

“நான் என்ன சொல்லி அனுப்பினேன்? சரி, கேட்டுத் தொலைச்சிட்ட. வெட்டுறப்ப கொஞ்சம் பெருசாவே விடு. பின்னாடி ஆகும்.”

“பின்னாடின்னா எப்பம்மா? நான் இனிமே வளரப் போறதில்ல.”

அந்தப் பக்கம் வாளியை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

“எடக்குப் பேச மட்டும் நல்லா படிச்சிருக்க,” என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வாங்கிய எதுவும் வாங்கிய அன்று எனக்குச் சரியாக இருந்ததில்லை. பள்ளிக்கூடத்து ஷூவில் காகிதம் திணித்து நடந்தேன். சீருடைப் பாவாடையை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டினேன். அது எனக்குச் சரியாகும் நேரத்தில் சித்தி மகளுக்குப் போய்விடும். பட்டமளிப்பு விழாவில் வாடகைக்கு வாங்கிய கறுப்பு அங்கியில்கூட என் விரல்கள் வெளியே தெரியவில்லை. அன்று எடுத்த படத்தில் பட்டம் தானாக அந்தரத்தில் நிற்கும்.

மேசைக்குத் திரும்பி வந்து டேப்புகளைப் பார்த்தேன். மற்றவர்கள் ஒட்டியதெல்லாம் என் வெள்ளைக்கு மேலே. முதலாளி போகிற போக்கில் பேனாவால் ஒரு கோடு வேறு போட்டிருந்தார். அது சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில்.

“சார், இந்தக் கோடு என்னோட எந்த அளவ வச்சுப் போட்டது?”

“உன் அளவுன்னு யாரு சொன்னா? நாளைக்கே நீ கல்யாணம் காட்சின்னு போயிடுவ. அப்புறம் இது வேற யாருக்காவது ஆக வேண்டாமா?”

“நீங்க ஏன்ணா பெருசா விடச் சொன்னீங்க?”

பசை அண்ணன் தலையைச் சொறிந்தார். “பெருசா விட்டா யாரும் என்னைத் திட்ட மாட்டாங்கம்மா. குட்டையா போச்சுன்னா அறுத்தது நான்னு வரும்.”

கொக்கைக் கேட்கவே வேண்டியதில்லை. அந்தக் கறுப்புத் துடுப்பு வந்த நாளிலிருந்து அதைத் தடவிக்கொண்டிருப்பவர் அவர்.

காலையிலிருந்து என் உயரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் கோபத்திலும் ஒன்று புரிந்தது, அதுதான் இன்னும் குழப்பியது: அவர்கள் நோக்கம் வேறு என்பதால் அவர்கள் அளவு தப்பு என்று ஆகிவிடாது. பசை அண்ணனின் சாண் தற்செயலாக எனக்குப் பொருந்தலாம். என் வெள்ளை டேப் என்னைப் பாதி வழியில் முதுகொடிய உட்கார வைக்கலாம். மறுபடி கயிறு. மறுபடி அந்தச் சிரிப்பு.

கண்ணாடி முன்னால் கடைசியாக ஒருமுறை நின்றேன். மூச்சைப் பிடிக்கவில்லை, எக்கவில்லை. துடுப்புப் போடும்போது எப்படி நிற்பேனோ அப்படி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றேன். அளவு வெள்ளைக்கும் கீழே வந்தது. இது வேறு புது இடம்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தப்பாகவே இருக்கட்டும். என் அளவுக்குத் தப்பாக இருக்கட்டும்.

வெள்ளை டேப்பையே வைத்துக்கொண்டேன். மற்றதை உரித்து எறிந்தேன். தண்டு சிம்பு சிம்பாகப் பிரியாமல் இருக்க டேப்பை இறுக்கிச் சுற்றினேன். தூசி பறக்காமல் ஈரத்துணி போட்டேன். ரம்பத்தை எடுத்தபோது பசை அண்ணன் கை நீட்டினார்.

“குடும்மா, நான் அறுக்கிறேன்.”

“வேணாண்ணா. அறுத்தது நான்னே வரட்டும்.”

கறுப்புத் தூள் கை முழுக்க ஒட்டியது. துண்டு தரையில் விழுந்து, உருண்டு, முதலாளி காலருகே போய் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்தார்.

“அறிவிருக்கா? இவ்வளவா? இனிமே இது ஒருத்தருக்கும் ஆகாது!”

“எனக்கு ஆகும் சார்.”

ஆகுமா என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரிந்ததுபோல வந்தது. பசையை உருக்கி ஊற்றி, கைப்பிடியைச் சொருகி, தண்ணீரைத் தள்ளும் தகடும் கைப்பிடியும் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பிடித்திருந்தேன். இறுகியதும் எடுத்துக்கொண்டேன்.

“அவசரப்படாத,” என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. “அடுத்த வாரம் வச்சுக்கலாம். வாடகைத் துடுப்புல ஒண்ண சரி பண்ணித் தரச் சொல்றேன்.”

நான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“தங்கச்சி,” என்று கொக்கு கத்தினார், “கயிறு எடுத்துக்கிட்டு வரட்டுமா?”

அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தேன். வெயிலில் கண் கூசியது; மிதவை எங்கே என்று முதலில் தெரியவில்லை. உள்ளங்கையில் கைப்பிடி இன்னும் சூடாக இருந்தது.