பதிவிலிருந்து நீக்கவும்

வக்கீலம்மா ஒரே ஒரு கோப்பைத்தான் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். சின்னவள் அதைக் கவனித்தாள். மூன்று வருடங்களுக்கு முன் இதே மேசையில் உட்கார்ந்து இந்த அம்மாள் இரண்டு வாக்குமூலங்களை எழுதிக்கொண்டு போனார். ஒன்று, பெரியவளின் கணவனை வாத்தி நடுத்தெருவில் சுட்டுக் கொன்றது பற்றி. மற்றொன்று, அதற்குப் பதினோராவது நாள் சின்னவளின் கணவன் ஓட்டிப்போன ஆம்புலன்ஸ்மேல் பாலத்தில் வெளிநாட்டு விமானம் குண்டு போட்டது பற்றி. செத்தவர்கள் அண்ணனும் தம்பியும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. இரண்டு வாரத்துக்குள் அந்த வீட்டில் மிஞ்சியது ஓரகத்திகள் இரண்டு பேர் மட்டும்தான்.

“வழக்கு எடுத்தாச்சும்மா” என்றார் வக்கீலம்மா. “வாத்தி இப்போ சர்வதேச கோர்ட் காவல்ல இருக்கான். நீங்கதான் கண்ணால பாத்த ஒரே சாட்சி. வரணும்.”

வாத்தி ஒரு காலத்தில் நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். சண்டை வந்ததும் விசிலைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். பின்னால் நாற்பது பேர் சேர்ந்தார்கள். அந்த வீட்டு லாரியைக் கேட்டான். பெரியவளின் கணவன் தரமாட்டேன் என்று சாவியைச் சாக்கடையில் வீசினான். எதிரே மருந்துக்கடையில், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சின்னவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் அங்கே பில் போடுகிறவள்.

“இன்னொண்ணு?” என்று கேட்டாள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. “அது இப்போதைக்கு முன்னுரிமைல இல்லைம்மா. அந்த நாடு எங்க கோர்ட்டையே ஏத்துக்கலை. விசாரணைன்னு பேச்செடுத்ததுமே எங்க ஆளுங்க மேல பயணத்தடை போட்டாங்க. நீதிபதி ஒருத்தரோட பேங்க் கணக்கையே முடக்கிட்டாங்க. ‘நாங்களே விசாரிச்சுட்டோம், வருந்தத்தக்க பிழை, விதிமீறல் இல்லை’ன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பினாங்க. அவ்வளவுதான்.”

“பாலத்துலேர்ந்து அந்தக் குண்டோட துண்டு ஒண்ணு எடுத்துக் குடுத்தேனே. நம்பர்கூட அழியாம இருந்துச்சு.”

“பத்திரமா இருக்கும்மா. பூட்டி வெச்சிருக்கோம்.”

“பத்திரமா இருந்து?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷிதான் என்று சின்னவளுக்குத் தோன்றியது. கெட்டவராக இருந்திருந்தால் எழுந்து போகச் சொல்லியிருக்கலாம்.

“பிடிக்க முடிஞ்சவனைத்தான் பிடிக்கிறோம்மா. அதையும் விட்டுட்டா அப்புறம் என்னதான் மிச்சம்?” என்று கடைசியில் சொன்னார். குரலில் களைப்பு.

“என் வீட்டுக்காரரையும் எழுதிக்குங்க, வரேன். இல்லைன்னா ஆளை விடுங்க.”

வக்கீலம்மா போய் இரண்டு நாட்கள் ஆயின. பெரியவள் கெஞ்சவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. சோறு போட்டாள், கடைக்குப் போகும்போது குடையை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை இருவரும் துவைத்த போர்வையை ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

“நீ போகலைன்னா உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்டி. தம்பியை நெனச்சா எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா வாத்தி வெளியே வந்தா இதே தெருவுலதானே நடப்பான்? நான் என்ன கோலெடுத்து அடிக்கவா முடியும்?”

சின்னவள் போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். தண்ணீர் காலடியில் கொட்டியது. “டிக்கெட் அனுப்பச் சொல்லு” என்றாள்.

கோர்ட் அவள் நினைத்ததுபோல இல்லை. வங்கி மாதிரி இருந்தது. சத்தமில்லாத கதவுகள், கண்ணாடிச் சுவர்கள், ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. காதில் மாட்டிய கருவிக்குள் ஒரு பெண்குரல் அவளுடைய மொழியில் பேசியது. அந்தக் குரல் மட்டும்தான் அங்கே வீட்டு மனுஷிபோல இருந்தது. வாத்தி கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு இளைத்திருந்தது. யாரோ ஒரு கல்யாணத் தரகர் என்று சொன்னால் நம்பலாம்.

வக்கீலம்மா கேட்கக் கேட்க அவள் தடங்கலில்லாமல் சொன்னாள். ஷட்டர் எவ்வளவு இறங்கியிருந்தது, சாவி எங்கே விழுந்தது, வாத்தி எந்தக் கையால் சுட்டான், சுட்டுவிட்டு எத்தனை நேரம் நின்றான். சொல்லி முடித்தபோது அவளுக்கே ஒரு நிம்மதி வந்தது.

பிறகு வாத்தியின் வக்கீல் எழுந்தார். கத்துவார் என்று நினைத்திருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் உடம்பு விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“உங்க கணவர் ஆம்புலன்ஸ் டிரைவர், இல்லையா?”

அந்த ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

“ஆமாங்க.”

“அவர் எப்படி இறந்தார்?”

“பாலத்துல. பிளேன்லேர்ந்து குண்டு போட்டாங்க. உள்ளே நாலு நோயாளிங்க இருந்தாங்க. சைரன் ஓடிக்கிட்டே இருந்துச்சு, கூரைமேல அடையாளம் பெரிசா வரைஞ்சிருந்துச்சு.”

“எந்த நாட்டு விமானம்?”

அவள் அந்த நாட்டின் பெயரைச் சொன்னாள். மண்டபத்தில் யாரோ காகிதம் புரட்டுவதை நிறுத்தினார்கள். வக்கீலம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஆட்சேபிக்கிறேன். இந்த வழக்குக்குத் தொடர்பில்லாத விஷயம்.”

“தொடர்பு இருக்கிறது” என்றார் அந்த வக்கீல். “இந்தப் பெண்ணால் தன் கணவரைக் கொன்றவர்களை எட்ட முடியவில்லை. எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஒருவர்மேல் அந்தக் கோபத்தைக் கொட்டுகிறார். அவர் சாட்சியத்தை எப்படி நம்புவது?”

சின்னவளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அந்த மண்டபத்தில் அவள் கணவனின் சாவைப் பற்றிப் பேச்செடுத்தது கொலைகாரனின் வக்கீல். பேசக்கூடாது என்று மறிப்பது அவளை அழைத்து வந்த வக்கீலம்மா. எந்தப் பக்கம் தலையாட்டினாலும் செத்தவர்களில் ஒருவரை விற்க வேண்டும்.

“என் வீட்டுக்காரரைக் கொன்னது அவங்க. பெரியவரைக் கொன்னது இவன்” என்றாள். “எனக்கு ரெண்டும் தனித்தனியாத் தெரியும். உங்களுக்குத்தான் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது.”

நீதிபதிகள் மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். காதுக்குள் அந்தப் பெண்குரல் ஒரு நொடி தாமதித்தது. மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு சொன்னது: “சாட்சியின் கணவர் குறித்த கேள்விகளும் பதில்களும் பதிவிலிருந்து நீக்கப்படுகின்றன.”

வாத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளையே பார்த்தான். மெல்லத் தலையை ஆட்டினான், பாவம் என்பதுபோல. ஷட்டருக்குக் கீழே உட்கார்ந்து அவன் சுட்டதைப் பார்த்தபோதுகூட அவளுக்கு அவன்மேல் இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

வெளியே நடையில் வக்கீலம்மா அவள் கையைப் பிடித்தார். “ரொம்ப நல்லாச் சொன்னீங்க.”

“தொடர்பில்லாத விஷயம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொல்லலைன்னா வழக்கே போயிருக்கும்மா.”

“தெரியும்” என்றாள் சின்னவள். “அதான் எரியுது.”

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இருபத்திரண்டு வருடம். தொலைக்காட்சியில் வாசித்ததும் பெரியவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து சின்னவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “நமக்கு நியாயம் கெடச்சிருச்சுடி.”

“உனக்குக் கெடச்சுதுக்கா” என்றாள் சின்னவள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் குத்தியது. பெரியவளின் கைகள் தளர்ந்தன. தொலைக்காட்சியில் குண்டு போட்ட அந்த நாட்டின் செய்தித் தொடர்பாளர் நீல டை கட்டிக்கொண்டு தீர்ப்பை வரவேற்றார். கொலைகாரர்கள் யாரும் சட்டத்துக்கு மேலானவர்கள் இல்லை என்றார். சின்னவள் சிரித்துவிட்டாள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது; கண்ணில் நீர் வரும்வரை வந்தது.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் எழுத, ஒருவன் படமெடுக்க. பெரியவளைக் கூடத்துச் சுவர் ஓரம் உட்காரவைத்தார்கள். அவள் தலைக்கு மேலே அண்ணன் தம்பி இருவரின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. கேமராவை உயர்த்தியவன் இறக்கினான்.

“இன்னொருத்தர் யாரும்மா?”

“என் கொழுந்தன்.”

“அவரும் வாத்தி ஆளுங்க கையிலயா?”

“இல்ல” என்றாள் பெரியவள்.

“அப்போ அந்தப் படத்தைக் கொஞ்சம் எடுத்துடலாங்களா? படிக்கிறவங்களுக்குக் குழப்பமாயிடும்.”

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். படத்தைக் கழற்றி, கண்ணாடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் போய் நின்றாள்.

படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. நடுவே ஆணி.

“இங்கே பாருங்கம்மா” என்றான் கேமராக்காரன்.

பெரியவள் தலையை அண்ணாந்து அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேமராவைப் பாருங்கம்மா. இங்கே.”