கஜந்தினி இழுத்துப் பார்த்த இதயம்

1

கேதீஸ்வரி ரீச்சருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. நடந்ததை முழுக்கச் சொன்னால்தான் எதற்கு நன்றி என்பது விளங்கும். அப்படித்தான் இது கதையானது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘எட்டாம் வகுப்பு விஞ்ஞானகூடமெங்கும் இரத்தவாடை...’

[வேண்டாம். ரீச்சர் அந்த ஆட்டு இதயத்தை மூன்று தண்ணீரில் கழுவித்தான் கொண்டுவந்தாராம்.]

2

என் மகள் கஜந்தினிக்குப் பதின்மூன்று வயது. பிறக்கும்போதே இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நாலு வயதில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து ஒட்டுப் போட்டார்கள். அதன் பிறகு நான் அவளை ஓடவிட்டதில்லை. ஓடலாம் என்றுதான் டொக்டர் சொன்னார்.

[கடைசி வரியை இரண்டு தடவை அழித்தேன். வாசிப்பவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். இருக்கட்டும்.]

3

போன மாதம் ரீச்சர் போன் எடுத்தார்.

“நாளைக்கு வகுப்பிலை ஆட்டு இதயம் வெட்டிக் காட்டப் போறன். பிள்ளையை லைப்ரரியிலை இருத்தட்டோ?”

“ஓம் ரீச்சர், இருத்துங்கோ.”

மகளிடம் நான் கேட்கவில்லை.

(ரீச்சர் கோப்பாய்க்காரர். மச்சம் மாமிசம் தொடாதவர். அந்த இதயத்துக்காகத்தான் வாழ்க்கையில் முதன்முதலாக இறைச்சிக்கடைக்குப் போயிருக்கிறார்.)

4

இனி வருவதை நான் பார்க்கவில்லை. மகளின் சிநேகிதி றொசாந்தி சொன்னது.

பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கஜந்தினி லைப்ரரியிலிருந்து எழும்பி வந்து கதவடியில் நின்றாள்.

“ரீச்சர், நானும் பாக்கட்டோ?”

“அம்மா வேண்டாமெண்டு சொன்னவ.”

“ஒட்டுப் போட்டது எனக்குத்தானே ரீச்சர்.”

ரீச்சர் ஒரு சோடி கையுறையை நீட்டினார்.

“எனக்கு எவடத்திலை ஓட்டை இருந்தது?”

“இஞ்சை பார். இந்த நடுச்சுவரிலை.”

அவள் [அழுதாள் / பயந்தாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமில்லை என்கிறாள் றொசாந்தி] அந்தச் சுவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள்.

“கிழியேல்லை ரீச்சர்!”

“கிழியாது பிள்ளை. அது தசை.”

“என்ரை ஒட்டு?”

“அதுக்கு மேலாலை இப்ப உன்ரை சதையே வளந்து மூடியிருக்கும்.”

“ஓடினால் கழண்டிடுமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

ஒன்பது வருடம். என்னிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒன்பது வருடமும் நான் அவளை

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

5

முடிவுகள்.

ஒன்று: கஜந்தினி மாகாண மட்டத்தில் பதக்கம் வெல்கிறாள். [பொய்.]

இரண்டு: சொல்லை மீறிவிட்டார் என்று தாய் ரீச்சரோடு சண்டைக்குப் போகிறாள். [போனேன். என்னைக் கண்டதும் ரீச்சர் எழும்பி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்களைக் கேட்டிருக்க வேணும்” என்றார். சேர்த்துவைத்த பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியாது. “சாப்பிட்டியளோ ரீச்சர்?” என்றுதான் கேட்டேன். “ரெண்டு நாளாச் சோறு இறங்கேல்லை” என்று அவர் சிரித்தார். அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்ய?]

மூன்று: இன்றைக்குப் பாடசாலை மைதானத்தில் நூறு மீற்றர் ஓட்டம். விசில் ஊதியாகிவிட்டது. யார் முந்தினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. முதலாம் இடத்தை நீங்கள் விரும்பியவருக்குக் கொடுங்கள். நான் முடிவுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மூச்சு வாங்க வாங்க அவள் வந்துகொண்டிருக்கிறாள்.