மூன்றாவது கட்டம்

மார்த்தாண்டம் சந்திப்பில், செருப்புக் கடையின் மேல்மாடியில், காலை ஒன்பதரைக்கே மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஓடிய ஒரே கம்ப்யூட்டரில் லீமா மரண அறிவிப்பு ஒன்றை டைப் செய்துகொண்டிருந்தாள். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களுக்காக நடக்கும் இணையதளம் அது. கல்யாணச் செய்தியைவிட மரணச் செய்திக்குத்தான் ஆள் அதிகம்.

தப்பாக எதுவும் வெளியே போகக்கூடாதென்று மூன்று கட்டம் வைத்தவளே அவள்தான். டைப் செய்வது, சரிபார்ப்பது, ஆசிரியர் ஞானசிங் ஒப்புதல் தருவது. யார் பெயரில், எந்தக் கம்ப்யூட்டரில் அமுக்கியது என்பதும் பதிவாகும். துபாய் முதலாளி போனில் பாராட்டினார். ஆனால் சரிபார்த்த பெண் கல்யாணமாகிப் போனபின் அந்த வேலையும் லீமாவுக்கே வந்தது. ஞானசிங்குக்கோ சபைக் கமிட்டியும் ரப்பர் தோட்டமும் பார்க்கவே நேரம் போதவில்லை. பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி அவள் மானிட்டரில் ஒட்டிவிட்டார்.

"ஒவ்வொண்ணுக்கும் நான் மாடி ஏற முடியுமா மக்கா? நீயே அமுக்கிரு."

இன்றும் போனில்தான் பேசினார். இறந்தவர் பெயர் சிலுவைமுத்து. போட்டோ வரவில்லை.

"பழைய செய்தியிலே ஒண்ணு கெடக்கும், எடுத்துப் போடு."

"அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊருகளிலே ரெண்டு சிலுவைமுத்து உண்டு சார். வீட்டுலே கேட்டுட்டுப் போடட்டா?"

"பதினோரு மணிக்கு அடக்கம். பெறவு எவன் பாப்பான்? போடு பிள்ளே."

போட்டாள்.

போட்டோவிலிருந்த சிலுவைமுத்து உயிரோடு ஆழ்கடலில் இருந்தார். கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போனால் பத்து நாள் தகவல் கிடையாது. அதனால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு மஸ்கட்டிலிருந்து மகன் போன் செய்தபோது வீட்டிலும் நம்பி அழுதார்கள். அவன் வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறினான். நான்காம் நாள் படகு கரைக்கு வந்தது. ஐந்தாம் நாள் அவன் பத்துப் பேரோடு இந்த மாடிப்படி ஏறினான்.

அவர்கள் சத்தம் போட்டு இறங்கிய பிறகு முதலாளி போனில் வந்தார். பதிவில் ஞானசிங் பெயர் இருந்தது. கம்ப்யூட்டர் லீமாவுடையது.

"அன்னேரம் நான் கமிட்டியிலே இருந்தேன். எல்லாரும் பாத்திருக்காவ," என்றார் மாடிக்கு வந்திருந்த ஞானசிங்.

"நீங்கதானே சார் போடச் சொன்னிய?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பஸ்களைப் பார்த்தார். மானிட்டரில் துண்டுத்தாள் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. போனில் சொன்னதைப் பதிவு செய்ய அவள் கட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை.

வேலை போய்விட்டது. இனி குளச்சலில் அம்மாவோடு இறால் உரிக்கப் போக வேண்டியதுதான். அம்மாவின் விரல் நுனிகள் ஐஸ்தண்ணீரில் வெளுத்துப் பிளந்திருப்பது ஞாபகம் வந்தது. லீமாவுக்கு அழுகை வரவில்லை, அசதியாக இருந்தது.

வருத்தம் தெரிவிக்கும் அறிவிப்பு உடனே போக வேண்டும் என்றார் முதலாளி. டைப் செய்ய வேறு ஆள் கிடையாது. 'தவறு செய்த ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்' என்று லீமாவே அடித்தாள். எழுத்துப்பிழை பார்த்தாள். மூன்றாவது கட்டத்தை இனி ஆசிரியர்தான் அமுக்க வேண்டும் என்பது உத்தரவு. எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

ஞானசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பாஸ்வேர்டு என்னது மக்கா?"

அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அவளே அடித்தாள்.

"இனி எதுலே அமுக்கணும்?"

லீமா திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.