பாவு தீரட்டும்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னதாக இருக்கட்டும்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தறிக்குடோன். எட்டு விசைத்தறி. நாலை நான் பார்க்கிறேன், நாலை என் மனைவி இந்துமதி. இருபத்திரண்டு வருசமாக அந்தச் சத்தத்துக்குள்தான் குடும்பம் நடத்துகிறோம். தறி ஓடும்போது பேச்செல்லாம் உதட்டில்தான். அவள் வாயசைப்பை வைத்தே பசியா, கோபமா, கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் சுபஸ்ரீ போன் பண்ணினாளா என்று தெரிந்துகொள்வேன். முக்கியமான சேதி என்றால் மட்டும் பக்கத்தில் போய், வலது காதோரம் கையைக் குவித்துச் சொல்ல வேண்டும்.

மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்துவார்கள். தறி நின்றுவிடும். ஆனால் காதுக்குள் கொய்ங் என்று ஒன்று நிற்காமல் ஓடும். தறிக்காரன் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வான். உள்ளங்கையில் காய்ப்புக் காய்ப்பது போலத்தான் அதையும் வைத்திருந்தோம். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனவன் எங்கள் பக்கத்தில் ஒருத்தனும் கிடையாது.

போன ஆவணியில் அப்படிக் கரண்ட் இல்லாத ஒரு நாள், இந்துமதி வலது காதைப் பொத்துவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"ஏனுங்க, காத்தால எந்திரிச்சதுலிருந்து இந்தக் காதுல மட்டும் கொய்ங்னு கத்துதுங்க. பஞ்சு வெச்சு அடச்சாப்பல இருக்குது. சுபஸ்ரீ போன் பண்ணுனா, இந்தப் பக்கம் வெச்சா ஒண்ணுமே கேக்கல."

பக்கத்துக் குடோன் காசிமாயன் டீ குடிக்க வந்திருந்தான். உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவன். "நமக்கெல்லாம் கரண்டு போனாலும் தறி ஓடும்ல மதினி" என்று சிரித்தான்.

நானும் சேர்ந்து சிரித்தேன். "எனக்கு ரெண்டு காதுலயும் ஓடுது புள்ள. உனக்கு ஒண்ணுலதான? புண்ணியம் பண்ணுனவ" என்றேன்.

ஒரு காதில் மட்டும் என்றாள், ஒரே நாளில் வந்தது என்றாள், கேட்கவே இல்லை என்றாள். மூன்று விஷயம் சொன்னாள். என் மண்டையில் ஏறியது அந்தக் கொய்ங் மட்டும்தான்.

மறுநாள், "டவுனுக்குப் போயிக் காட்டீட்டு வந்தரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"இந்தப் பாவு தீரட்டும், போலாம்."

எங்கள் ஊரில் இந்த வார்த்தைக்கு மறுபேச்சு இல்லை. தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டால், அது முழுக்கத் துணியாகி முடிகிற வரைக்கும் நகர மாட்டோம். சீர், காதுகுத்து, பல்வலி எதுவானாலும் பாவு தீர்ந்த பிறகுதான். அந்தப் பாவு தீர இன்னும் பதினெட்டு நாள் கிடந்தது.

அதுவரைக்கும் சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றினேன். பெரிய வைத்தியன்! அவளும் என்னை நம்பித் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

இந்துமதி நாலு தறிக்கு நடுவில் நின்றால், எதில் நூல் அறுந்தது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்துத் திரும்புவாள். குடோனுக்கு வருகிறவர்கள் அதை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அந்த வாரம் அவள் தப்பான தறியைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு தரம் இல்லை, பல தரம். "நெனப்பு எங்க புள்ள இருக்குது?" என்று அதட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் திருப்பூரில் காது டாக்டரம்மாவைப் பார்த்தோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதைச் சோதித்தார்கள். எத்தனை நாளாயிற்று என்று கேட்டு நான் பதில் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு காது திடீர்னு கேக்காமப் போனா அது அவசரங்க. அன்னிக்கோ மறுநாளோ வந்திருந்தா திரும்பறதுக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சு. இப்பவும் வைத்தியம் பண்ணிப் பாப்போம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. ஆமா, இதுல எண்ணெய் ஊத்துனது யாரு?"

இந்துமதி தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னையும் கேட்டார். இருபது வருசமாக ரெண்டு காதிலும் கொய்ங்தான் என்றேன். "நீங்களும் டெஸ்ட் எடுத்துருங்க. இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாத்திரை, காதுக்குள் ஊசி என்று ஒரு மாசம் நடந்தோம். கேட்கும் சக்தி திரும்பவில்லை. "கேக்க வேண்டியது கேக்கல, வேண்டாத சத்தம் நிக்கல பாருங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

பழக்கதோஷத்தில் இப்போதும் அவள் வலது பக்கம் போய்க் கையைக் குவித்துப் பேசிவிடுகிறேன். அவள் பாட்டுக்குத் தறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போவேன். அந்த நாலடிக்குள் செத்துப் பிழைப்பேன்.

இந்தத் தை மாசத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது, என் இடது காது அடைத்திருந்தது. உள்ளே பழைய சத்தம் இல்லை, விசில் மாதிரி புதுசாக ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. குடோன் வாசலில் மகளோடு போனில் பேசும்போது, போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன். நிமிர்ந்தால் இந்துமதி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எப்பத்திலிருந்துங்க?"

"காத்தாலதான். ஒண்ணுமில்ல புள்ள. இந்தப் பாவு தீரட்டும், பத்தே நாள்தான். போயிக் காட்டிக்கலாம்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே உறைத்தது.

அவள் உள்ளே போய், நான் சொன்ன பாவு ஓடிய தறியை நிறுத்தினாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்தாள். ஒரு நூல் அறுந்தாலே ஓடிவந்து முடிச்சுப் போடுகிறவள், கைக்கு அடங்கிய நூலையெல்லாம் கொத்தாகப் பிடித்து, பாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெட்டினாள். கடைசி நூலும் தொங்கிய பிறகு என் வலது பக்கம் வந்து நின்றாள்.

"பாவு தீந்துருச்சுங்க. சட்டையப் போடுங்க."

நான் தறியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். ஆவணியிலும் அந்தக் கத்தரி அவள் இடுப்பில்தான் இருந்தது. அவளுக்காக அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.